தொகுதியில் கீழே இறங்கும்போது

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

பள்ளி ஆய்வகத்தின் சுவரில் தொங்கும் தனிம வரிசை அட்டவணையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் 118 தனிமங்கள் உள்ளன. மேலிருந்து கீழாக அமைந்த 18 வரிசைகளைத் தொகுதிகள் என்றும், இடமிருந்து வலமாக அமைந்த 7 வரிசைகளைத் தொடர்கள் என்றும் அழைக்கிறோம். குறியீடுகளையும் அணு எண்களையும் ஒப்பிக்க வைப்பதோடு பாடம் முடிந்துவிடுவதால், பலருடைய நினைவில் அது வெறும் பெயர்ப்பட்டியலாகவே தங்கிவிடுகிறது. எனக்கு இது நெடுநாள் வருத்தம். ஒரு தொகுதியில் ஒவ்வொரு கட்டமாகக் கீழே இறங்கும்போது தனிமங்களின் பண்புகள் ஏன் ஓர் ஒழுங்கோடு மாறுகின்றன, அந்த ஒழுங்கு எங்கே பிசகுகிறது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு படித்தால் அட்டவணையின் உயிர்நாடி கைக்குக் கிடைத்துவிடும். இன்றைய உரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

ரஷ்ய வேதியியலாளர் திமித்ரி மெண்டலீவ் 1869ஆம் ஆண்டு தம் அட்டவணையை வெளியிட்டபோது எலக்ட்ரான் என்ற துகளே கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை. தனிமங்களை அணு எடையின் ஏறுவரிசையில் அடுக்கினார். ஆனால் எடைக்கும் பண்புக்கும் முரண்பாடு வந்த இடத்தில் பண்பின் பக்கமே நின்றார். டெலூரியத்தின் அணு எடை 127.6, அயோடினின் அணு எடை 126.9 என்று இன்று அறிகிறோம். எடையை மட்டும் நம்பியிருந்தால் அயோடின் முன்னும் டெலூரியம் பின்னும் வந்திருக்க வேண்டும். குளோரினோடும் புரோமினோடும் அயோடினுக்கு உள்ள உறவு அவருக்கு ஐயமறத் தெரிந்திருந்ததால், அதை அவற்றின் குடும்பத்திலேயே வைத்துவிட்டு, டெலூரியத்தின் எடையைத்தான் தவறாக அளந்திருக்கிறார்கள் என்று கருதினார். எடையில் தவறில்லை என்று பின்னர் தெரிந்தது. ஆயினும் அவர் வைத்த இடம் சரியாகவே இருந்தது. 1913இல் ஹென்றி மோஸ்லி என்ற இளம் இயற்பியலாளர், தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்களை அளந்து, அவற்றை வரிசைப்படுத்துவது எடையன்று, அணுக்கருவின் மின்சுமையே என்று நிறுவினார். அந்தக் கணக்கில், அதாவது அணுக்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையில், டெலூரியம் 52, அயோடின் 53. இவ்வளவு பெரிய உண்மையைத் தந்த மோஸ்லி, இரண்டே ஆண்டுகளில், தம் 27ஆம் வயதில், முதல் உலகப் போரின் கல்லிப்போலி போர்முனையில் உயிரிழந்தார் என்பதை எண்ணும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

இனி முதல் தொகுதிக்கு வருவோம். லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபீடியம், சீசியம் ஆகிய கார உலோகங்கள் ஒவ்வொன்றின் வெளிக்கூட்டிலும், அதாவது எலக்ட்ரான்களின் கடைசி அடுக்கிலும், ஒரேயொரு எலக்ட்ரான்தான் இருக்கிறது. லித்தியத்தின் அணுக்கருவில் 3 புரோட்டான்கள், சீசியத்தில் 55. புரோட்டான்கள் கூடக்கூட வெளி எலக்ட்ரான் மீதான பிடி இறுகத்தானே வேண்டும் என்று தோன்றும். ஆனால் சீசியத்தில் அணுக்கருவுக்கும் அந்த எலக்ட்ரானுக்கும் நடுவே 54 எலக்ட்ரான்கள் நின்று கவர்ச்சியின் பெரும்பகுதியை மறைத்துவிடுகின்றன. போதாததற்கு அந்த எலக்ட்ரான் ஆறாவது கூட்டில், வெகுதொலைவில் இருக்கிறது. ஆகவே பிடி தளர்கிறது. வாயு நிலையிலுள்ள ஒரு மோல் (வேதியியலில் அணுக்களை எண்ணப் பயன்படும் ஒரு நிலையான அளவு) அணுக்களிலிருந்து அந்த எலக்ட்ரான்களை நீக்க லித்தியத்துக்கு 520 கிலோஜூல் தேவை. சோடியத்துக்கு 496, பொட்டாசியத்துக்கு 419, ருபீடியத்துக்கு 403, சீசியத்துக்கு 376 என்று இந்த அயனியாக்கும் ஆற்றல் படிப்படியாகக் குறைகிறது.

இந்த எண்களைக் கண்ணாலேயே பார்க்கலாம். லித்தியத் துண்டு ஒன்றை நீரில் போட்டால் அது மிதந்தபடி சீராகக் குமிழிகளை விட்டு மெல்லக் கரைகிறது. சோடியம் வினையில் வெளியாகும் வெப்பத்திலேயே உருகி, வெள்ளிமணிபோல் உருண்டு, நீர்ப்பரப்பில் அங்குமிங்கும் ஓடுகிறது. பொட்டாசியத்தைப் போட்ட நொடியிலேயே வெளியாகும் ஹைட்ரஜன் தீப்பற்றி, இளம் ஊதா நிறச் சுடர் எழுகிறது. ருபீடியமும் சீசியமும் நீரைவிட அடர்த்தியானவை. அவை நீரைத் தொட்டதுமே வெடிக்கின்றன.

மாணவர்களுக்கு நான் எப்போதும் ஓர் எச்சரிக்கை சொல்வதுண்டு. இந்த வேகத்தை அயனியாக்கும் ஆற்றல் ஒன்றைக் கொண்டே விளக்கிவிட முடியாது. கரைசலில் எலக்ட்ரானை இழக்கும் நாட்டத்தைக் காட்டும் திட்ட ஒடுக்க மின்னழுத்தத்தைப் பாருங்கள் (மைனஸ் எண் பெரிதாக இருந்தால் நாட்டம் அதிகம்): சோடியத்துக்கு மைனஸ் 2.71 வோல்ட், பொட்டாசியத்துக்கு மைனஸ் 2.93 வோல்ட், லித்தியத்துக்கோ மைனஸ் 3.04 வோல்ட். அதாவது, நீரில் மிகச் சாதுவாக நடந்துகொள்ளும் லித்தியமே எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பதில் முதலிடம் பெறுகிறது. எலக்ட்ரானை இழந்த லித்தியம், அதாவது லித்தியம் அயனி, மிகச் சிறியது. சிறியதாக இருப்பதால் நீர் மூலக்கூறுகளை மிக நெருக்கமாகத் தன்னைச் சுற்றி இழுத்துக்கொள்கிறது. அப்போது வெளியாகும் நீரேற்ற ஆற்றல், எலக்ட்ரானை நீக்கச் செலவான கூடுதல் ஆற்றலை ஈடுகட்டிவிடுகிறது. ஒரு மோல் உலோகம் வினைபுரியும்போது வெளியாகும் வெப்பமும் சோடியத்தைவிட லித்தியத்துக்கே அதிகம். பிறகு ஏன் சாது? லித்தியம் 180 டிகிரி செல்சியஸில்தான் உருகும். சோடியம் 98 டிகிரியிலும், பொட்டாசியம் 63 டிகிரியிலும், சீசியம் 28 டிகிரியிலுமே உருகிவிடுகின்றன. உருகிய உலோகம் நீருக்குப் புதுப்புதுப் பரப்பைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. உருகாத லித்தியத்தால் அது இயலாது. ஒரு வினை எவ்வளவு ஆற்றலைத் தரும் என்பது வேறு, எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது வேறு. இந்த வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் கற்றுத்தரும் எடுத்துக்காட்டை நான் அறியேன்.

வெடிப்பைப் பற்றியும் ஒரு செய்தி. ஹைட்ரஜன் தீப்பற்றுவதுதான் வெடிப்புக்குக் காரணம் என்று வெகுகாலம் சொல்லிவந்தோம். செக் நாட்டைச் சேர்ந்த பாவெல் யுங்விர்த் குழுவினர் சோடியம், பொட்டாசியம் கலந்த திரவ உலோகத் துளியை நீரில் விழச் செய்து, அதிவேகக் கேமராவில் படம் பிடித்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். துளி நீரைத் தொட்ட ஒரு மில்லிநொடிக்குள்ளேயே அதிலிருந்து முட்கள்போல உலோகக் கூர்கள் பாய்ந்தன. எலக்ட்ரான்கள் நீருக்குள் ஓடிவிடுவதால் பரப்பில் எஞ்சும் நேர்மின் அயனிகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதே வெடிப்பின் தொடக்கம் என்று விளக்கினார்கள். நூறாண்டுகளுக்கு மேலாக வகுப்பறைகளில் செய்துகாட்டப்பட்டு வந்த ஒரு வினையில் இப்படியொரு படிநிலை ஒளிந்திருந்தது எனக்குப் பெருவியப்பைத் தந்தது.

17ஆம் தொகுதிக்குச் சென்றால் அதே காரணம் எதிர்மாறான விளைவைத் தருகிறது. ஹாலஜன்களின் வெளிக்கூட்டில் 7 எலக்ட்ரான்கள் இருப்பதால் அவை ஒன்றைப் பெறவே முயல்கின்றன. கீழே இறங்க இறங்க அணு பெரிதாகி, புதிய எலக்ட்ரானைக் கவரும் வலு குறைகிறது. ஆகவே இங்கே வினைத்திறனும் மேலிருந்து கீழாகக் குறைகிறது. நிறமற்ற பொட்டாசியம் புரோமைடு கரைசலில் குளோரின் நீரைச் சில துளிகள் சேர்த்தால் கரைசல் ஆரஞ்சு நிறமாகிறது. குளோரின் புரோமினை வெளியேற்றிவிட்டது என்பதற்கு அதுவே சான்று. பொட்டாசியம் அயோடைடு கரைசலில் புரோமின் நீரைச் சேர்த்தால் பழுப்பு நிறம் வரும். அதனோடு ஹெக்சேன் என்ற கரைப்பானைச் சேர்த்துக் குலுக்கினால் மேலே மிதக்கும் அடுக்கு அயோடினால் ஊதா நிறம் பெறும். மாற்றிச் செய்தால், அதாவது புரோமைடு கரைசலில் அயோடினைச் சேர்த்தால், ஒன்றும் நிகழாது. உச்சியிலுள்ள ஃபுளூரினுக்கும் ஒரு தனித்தன்மை உண்டு: எலக்ட்ரானை ஏற்கும்போது அது வெளியிடும் ஆற்றல் மோலுக்கு 328 கிலோஜூல், குளோரின் வெளியிடுவதோ 349. ஃபுளூரின் அணு மிகச் சிறியதாகையால் அங்கே ஏற்கெனவே நெருங்கி நிற்கும் எலக்ட்ரான்கள் புதியதை விலக்குகின்றன. இருந்தும் வினைத்திறனில் ஃபுளூரினே முந்துகிறது. இரு ஃபுளூரின் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு வலுவற்றது என்பதும், அது உண்டாக்கும் பிணைப்புகள் மிக வலுவானவை என்பதும் காரணங்கள்.

நடுத் தொகுதிகளில் மாற்றம் வேறு வகையாகத் தெரிகிறது. 14ஆம் தொகுதியில் கார்பன் அலோகம், சிலிக்கானும் ஜெர்மானியமும் உலோகம், அலோகம் இரண்டின் பண்பும் கலந்த உலோகப்போலிகள், வெள்ளீயமும் காரீயமும் உலோகங்கள். 4ஆம் தொகுதியிலோ சிர்கோனியமும் அதன் கீழுள்ள ஹாஃப்னியமும் ஏறத்தாழ ஒரே அளவுடையவை. இடையில் வரும் லாந்தனைடுகள் என்ற தனிம வரிசையில் அணுக்கரு மின்சுமை ஏறிக்கொண்டே போக, அங்கு நிரம்பும் எலக்ட்ரான்கள் அதைச் சரிவர மறைக்காததால் அணு சுருங்கிவிடுகிறது. இந்த ஒற்றுமையால் ஹாஃப்னியம் சிர்கோனியத்தின் தாதுக்களுக்குள்ளேயே மறைந்திருந்தது. 1923இல்தான் கோபன்ஹேகனில் கோஸ்டரும் ஹெவெசியும் எக்ஸ் கதிர் நிறமாலையின் துணையால் அதை இனங்கண்டார்கள்.

முதல் தொகுதியின் அடியில் நிற்கும் ஃபிரான்சியத்தை இன்னும் சொல்லவில்லை. மார்கரித் பெரே என்ற அம்மையார் 1939இல் பாரிஸில் கண்டறிந்த தனிமம் இது. அதன் ஐசோடோப்புகளில், அதாவது நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் அணுவகைகளில், மிக நீண்ட காலம் நிலைப்பதன் அரைவாழ்வுக் காலமே (அணுக்களில் பாதி சிதைய எடுக்கும் நேரம்) ஏறத்தாழ 22 நிமிடங்கள்தான். எல்லாவற்றிலும் வினைத்திறன் மிக்க உலோகம் ஃபிரான்சியமே என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். ஆனால் அதன் அயனியாக்கும் ஆற்றல் 393 கிலோஜூல், சீசியத்தைவிட அதிகம். 87 புரோட்டான்கள் இழுக்கும் அந்த அணுவில், உட்புற எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் இயங்குகின்றன. அங்கே ஐன்ஸ்டைனின் சார்பியலைக் கணக்கில் கொள்ளாமல் இருக்க முடியாது. அணுக்கருவை நெருங்கிச் செல்லும் வாய்ப்புள்ள வெளி எலக்ட்ரானின் ஆர்பிட்டாலும், அதாவது அது உலவும் பகுதியும், இந்த விளைவால் சுருங்கி, பிடி மீண்டும் இறுகுகிறது. லித்தியத்திலிருந்து இறங்கிக்கொண்டே வந்த எண்கள் சீசியத்தோடு அடிமட்டத்தைத் தொட்டு, ஃபிரான்சியத்தில் ஏறத் தொடங்குகின்றன. அதற்கும் கீழே வரவேண்டிய 119ஆம் தனிமத்தின் அயனியாக்கும் ஆற்றல் பொட்டாசியத்தையும் மிஞ்சும் என்று கோட்பாட்டுக் கணக்கீடுகள் கூறுகின்றன. அந்தத் தனிமத்தை உருவாக்கும் முயற்சிகள் நடந்துகொண்டிருக்கின்றன.

நன்றி. வணக்கம்.