புள்ளிக்கோட்டு அம்பும் ரைட் சகோதரர்களின் காற்றுப் பெட்டியும்

வணக்கம். பின்னால் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதை நிறுத்திவிட்டால் இன்று காட்ட நினைத்ததைக் காட்ட முடியாது. மேசைமேல் இருக்கும் இந்த நீளமான அட்டைப் பெட்டியைப் பாருங்கள். இரண்டு முனையும் திறந்திருக்கிறது. ஒரு முனையில் மின்விசிறி. நடுவில் கம்பியில் மாட்டிய சின்ன அட்டை இறக்கை, அதன் முன்னால் ஒரு நூல். இது எதற்கு என்று வருகிறேன்.

சென்ற வாரம் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பொறியியல் வடிவமைப்பு எப்படி நடக்கிறது என்று அழகாக வரைந்து வைத்திருந்தாள். சிக்கலைக் கண்டறி, தகவல் திரட்டு, வழிகளை யோசி, மாதிரி செய், சோதித்துப் பார். கட்டத்துக்குக் கட்டம் தடித்த அம்பு. கடைசிக் கட்டத்திலிருந்து பின்னால் திரும்பும் அம்பு மட்டும் மெல்லிய புள்ளிக்கோடு. அவள்மேல் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் உண்மையான வேலையில் பெரும்பாலான நாட்கள் அந்தப் புள்ளிக்கோட்டின் மேல்தான் கழிகின்றன. அதைச் சொல்ல ரைட் சகோதரர்களைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

1899. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம், டேட்டன் நகரம். வில்பரும் ஆர்விலும் சைக்கிள் கடை நடத்துகிறார்கள். பறப்பது என்ற பெரிய ஆசையை அவர்கள் மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள்: தூக்குகிற இறக்கை, தள்ளுகிற எஞ்சின், கவிழாமல் நடத்துகிற கட்டுப்பாடு. முதல் இரண்டிலும் மற்றவர்கள் ஓரளவு முன்னேறியிருந்தார்கள். மூன்றாவதில்தான் பெரிய ஓட்டை. எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதக்கும் கிளைடரில் பறந்து பழகிய ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால், 1896இல் கிளைடரோடு விழுந்து உயிரை விட்டிருந்தார். ஆகவே எஞ்சினைத் தொடாமல் கட்டுப்பாட்டில் கை வைத்தார்கள். சைக்கிள் டியூப் வந்த அட்டைப் பெட்டியை வில்பர் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தபோது, இறக்கையையும் இப்படி முறுக்கினால் சாயாமல் நிறுத்தலாமே என்று தோன்றியதாம். அதைப் பட்டம் ஒன்றில் சோதித்தார்கள். பிறகு காற்றும் மணலும் நிறைந்த கிட்டி ஹாக் கடற்கரைக்கு 1900இல் முதல் கிளைடரைக் கொண்டு போனார்கள்.

1901இல் அடி விழுந்தது. 22 அடி நீள இறக்கையோடு பெரிய கிளைடர் செய்து போனார்கள். கணக்கு சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தூக்குவிசை கிடைத்தது. திரும்பும்போதோ எதிர்ப் பக்கம் இழுத்தது. இன்னும் 50 ஆண்டுகளுக்கு மனிதன் பறக்க மாட்டான் என்று அப்போது தம்பியிடம் சொன்னதாக வில்பரே பின்னாளில் ஒரு பேச்சில் ஒப்புக்கொண்டார்.

இந்த இடத்தில் நம்மில் பலரும் என்ன செய்வோம்? இறக்கையை இன்னும் பெரிதாக்குவோம், துணியை மாற்றுவோம். அவர்கள் கணக்கையே சந்தேகப்பட்டார்கள். காற்றின் வேகத்திலிருந்து அதன் அழுத்தத்தைக் கணக்கிட, 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் பெயரால் வந்த ஓர் எண் இருந்தது: 0.005. நூறு ஆண்டுக்கும் மேலாக எல்லோரும் எடுத்துப் போட்ட எண். தங்கள் சோதனைகளிலிருந்து அவர்கள் கண்டது சுமார் 0.0033. இறக்கைக்கு எவ்வளவு தூக்குவிசை கிடைக்கும் என்று லிலியந்தால் அளந்து வைத்த அட்டவணைமேலும் சந்தேகம் வந்தது. ஆனால் அது அவருடைய இறக்கை வடிவத்துக்குப் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அந்த மனிதரின் உழைப்பு வீணில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

முதலில் சைக்கிளின் ஹேண்டில்பாருக்கு மேல் ஒரு சக்கரத்தைப் படுக்கவைத்து, அதில் இறக்கை மாதிரி ஒன்றும் தட்டைத் தகடு ஒன்றும் பொருத்தி, தெருவில் வேகமாக மிதித்துப் பார்த்தார்கள். அது போதாது என்று தெரிந்ததும் கட்டியதுதான் காற்றுச் சுரங்கம், அதாவது உள்ளே காற்றைச் செலுத்தி இறக்கை மாதிரிகளைச் சோதிக்கும் பெட்டி. 6 அடி நீளம், 16 அங்குலச் சதுர வாய் கொண்ட மரப்பெட்டி. உள்ளே வைத்த தராசை ஸ்போக்ஸ் கம்பியிலும் பழைய ஆக்ஸா பிளேடிலும் செய்தார்கள். அந்தத் தராசை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. காற்றின் வேகத்தை அவ்வளவு துல்லியமாக அளக்க அவர்களிடம் வழியில்லை. அதனால் இறக்கையின் தூக்குவிசையை, அதே காற்றில் நிற்கும் தட்டைத் தகடுகள் வாங்கும் விசையோடு ஒப்பிட்டார்கள். காற்று சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் இரண்டுக்கும் ஒரே மாதிரி கூடும், குறையும், விகிதம் மாறாது. ஸ்மீட்டனின் எண்ணும் அந்த அளவீட்டுக்குள் வராது. சந்தேகத்துக்குரிய எண்ணைத் தொடாமலே விடை வாங்கும் கருவி! ஒரு விமானத்தை வடிவமைப்பதற்கு முன் ஒரு கேள்வியை வடிவமைத்தார்கள் என்றே நான் சொல்வேன்.

1901 இலையுதிர் காலத்தில் சுமார் 200 சிறு இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். குட்டையான அகன்ற இறக்கையைவிட நீண்ட ஒடுங்கிய இறக்கை நன்றாக வேலை செய்வது தெரிந்தது. 1902 கிளைடரின் இறக்கைக்கு 32 அடி நீளம், 5 அடி அகலம். தூக்குவிசை கணக்கோடு ஒத்துப்போனது.

அத்தோடு முடிந்ததா? இல்லை. பின்னால் அசையாமல் வைத்த வால், சில திருப்பங்களில் கிளைடரைச் சுழற்றி மணலில் இறக்கியது. கிணறு தோண்டுவது என்று அவர்கள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். தூக்கம் வராத ஓர் இரவு முழுவதும் யோசித்து, வாலை அசையும் சுக்கானாக்கலாம் என்றார் ஆர்வில். அதை இறக்கை முறுக்கும் கம்பியோடு இணைத்துவிடலாம் என்றார் வில்பர். மறுபடி ஒரு புள்ளிக்கோடு.

அதன் பிறகே எஞ்சின். அவர்கள் கடையின் மெக்கானிக் சார்லி டெய்லர் ஆறு வாரத்தில் செய்து முடித்தார். சுமார் 12 குதிரைத்திறன். 1903 நவம்பரில் உந்துவிசிறியின் தண்டு விரிசல் விட, ஆர்வில் டேட்டனுக்கே திரும்பிப் போய்ப் புதிய எஃகுத் தண்டுகளோடு வந்தார். டிசம்பர் 17 அன்று முதல் பறப்பு 12 விநாடி, 120 அடி. அன்றைய நான்காவது பறப்பு 59 விநாடி, 852 அடி.

அதே காலத்தில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சாமுவேல் லாங்லி பெரும் அரசுப் பணத்தோடு முயன்றார். ஆளில்லாத சிறு மாதிரியை 1896இலேயே பறக்கவிட்ட திறமைசாலி. ஆனால் ஆள் ஏறும் கிளைடரில் பழகும் கட்டத்தைத் தாண்டி நேராகப் பெரிய இயந்திரத்துக்குப் போனார். 1903 அக்டோபரிலும் டிசம்பரிலும் அது பொடோமாக் ஆற்றில் விழுந்தது. அவருக்குக் குறைந்தது அறிவல்ல. திரும்பிப் போய்ப் பார்க்கும் படிகள் என்பது என் எண்ணம்.

சரி, நம் பெட்டி. நேற்று இறக்கை ஒரே பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. இறக்கையைத்தான் மூன்று முறை மாற்றினேன். பிறகுதான் நூலைக் கட்டிப் பார்த்தேன்: மின்விசிறியின் காற்று சுழன்றுகொண்டே வருகிறது. தங்கள் சுரங்கத்தைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளவே சுமார் ஒரு மாதம் ஆனதாக ஆர்வில் சொல்லியிருக்கிறார். இப்போது உறிஞ்சுகுழல்களைக் கட்டாகக் கட்டி மின்விசிறிக்கு முன்னால் வைத்திருக்கிறேன், காற்று நேராக வருவதற்காக. பாருங்கள், நூல் நேற்றைவிட நேராக நிற்கிறது. நுனி மட்டும் இன்னும் ஆடுகிறது. குழல் கட்டை இரண்டு அங்குலம் முன்னே நகர்த்துகிறேன், ஒரு நிமிடம்.