உறுமலைத் திட்டாதீர்கள்

(மதுரையில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் கூட்டத்தில், வீட்டு நாய்களின் குணம் பற்றிக் கால்நடை மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். நல்லவேளை, இந்த நூலகத்தில் நாய்க்குட்டி இல்லை. என்னிடம் வரும் புகார்களில் நிறைய செருப்பில்தான் தொடங்கும். "டாக்டர், ஆபீஸ் விட்டு வந்தா புதுச் செருப்பு நார்நாரா கிடக்குது. இவன் மூலையில உக்காந்து முழிக்கிறான். தப்புன்னு அவனுக்கே தெரியுது சார், முகத்துல எழுதி ஒட்டியிருக்கு."

அந்த முகத்தை நாய் வளர்க்கும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காது பின்னால் மடங்கியிருக்கும். வால் கால்களுக்கு நடுவே போயிருக்கும். பார்வை உங்களைத் தவிர மற்ற எல்லாப் பக்கமும் போகும். ரேங்க் கார்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கும் பையன் மாதிரியேதான்.

இந்த முகத்தை அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் சோதித்துப் பார்த்தார். 2009-இல் வெளியான ஆய்வு அது. 14 நாய்கள். வளர்ப்பவர் தின்பண்டத்தைக் காட்டி "தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போவார். அவர் போனதும் சில தடவை ஆய்வாளரே அதை நாய்க்குக் கொடுத்துவிடுவார். சில தடவை நாய்க்குக் கிடைக்காமல் எடுத்து ஒளித்துவிடுவார். திரும்பி வருபவரிடம் சில நேரம் உண்மையைச் சொல்வார்கள், சில நேரம் மாற்றிச் சொல்வார்கள். ஆக, தின்ற நாய்க்குப் பாராட்டும், தொடாத நாய்க்குத் திட்டும் கிடைக்கும். முடிவு என்ன தெரியுமா? தின்றதா தின்னவில்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. திட்டு விழுந்தால் முகம் வந்தது. ஒன்றுமே தின்னாமல் திட்டு வாங்கியதே, அந்த நாய்கள்தான் அதிகமாக முழித்தன.

சரி, நாம் இன்னும் வாயே திறக்கவில்லையே, வாசலில் நுழையும்போதே முழிக்கிறதே என்பீர்கள். உங்கள் நடை மாறியிருக்கும். கிழிந்த செருப்பைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றிருப்பீர்கள். போன தடவை செருப்பும் நீங்களும் ஒரே அறையில் இருந்தபோது அடி விழுந்தது அதற்கு நினைவிருக்கும். காலை பத்து மணிக்குக் கடித்ததற்கு மாலை ஆறு மணிக்கு அடித்தால், "கடிக்கக் கூடாது" என்பது அதற்கு எட்டாது. "இந்த மனிதர் சாயங்காலம் வரும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்" என்பதுதான் எட்டும். நான்கு முதல் ஆறு மாதக் குட்டிக்குப் பல் விழுந்து முளைக்கும்; ஈறு குறுகுறுக்கும். செருப்போ உங்கள் வாசனை ஊறிய பொருள். பகல் முழுக்க நீங்களும் வீட்டில் இல்லை. அது வேறு எதைக் கடிக்கும்?

அதனால் நாயைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் திருப்பி இரண்டு கேள்விதான் கேட்பேன். அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது? செய்ததால் நாய்க்கு என்ன கிடைத்தது? கூரியர் தம்பியைப் பார்த்து ஏன் தினமும் குரைக்கிறது என்பதற்கு இரண்டாவது கேள்வி போதும். நாய் குரைத்தது, அவர் போய்விட்டார். கையெழுத்து வாங்கியதால் போனார் என்று அதற்குத் தெரியுமா? தான் விரட்டியதாகத்தான் அது கணக்குப் போடும். வருஷத்தில் நூறு தடவை இப்படி ஜெயித்த நாயிடம் போய் "சும்மா இரு" என்றால் கேட்குமா?

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். "திடீர்னு கடிச்சிடுச்சு" என்று ஒரு குடும்பம் வந்தது. நாய்க்கு ஐந்து வயது, வீட்டுப் பையனுக்கு ஏழு வயது. கையில் கடி. நல்லவேளையாக, புண்ணைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, நேரே மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் வந்திருந்தார்கள். வீட்டு நாய்தானே என்று யாரும் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள்.

கடித்த அன்று அந்த அம்மா செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். பையன் நாயைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தை ஒட்டவைத்துச் சிரிக்கிறான். அவர்கள் அதை அழகாக இருக்கிறது என்று எடுத்தார்கள். நான் சத்தத்தை அணைத்துவிட்டு, நாயை மட்டும் பார்க்கச் சொன்னேன். முதலில் முகத்தைத் திருப்புகிறது. அப்புறம் கொட்டாவி. தூக்கம் வந்த கொட்டாவி இல்லை, மன இறுக்கத்தில் விடுவது. நாக்கு சட்டென்று வந்து மூக்கைத் தொட்டுவிட்டுப் போகிறது. கண்ணின் ஓரத்தில் வெள்ளை தெரிகிறது. பிறகு உடம்பு அப்படியே கல்லாகிறது. அதற்கப்புறம்தான் கடி. காதைத் திறந்து பார்த்தேன், உள்ளே சீழ். வலிக்கிற காதின்மேல் கன்னத்தை அழுத்தினால் நாம் என்ன செய்வோம்?

"இதுவரை உறுமியதே இல்லையா?" என்று கேட்டேன். அப்பா கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்: "குட்டியா இருந்தப்ப உறுமும் சார். பேப்பரைச் சுருட்டி நாலு போடு போட்டேன், அன்னையோட விட்டுருச்சு."

அங்கேதான் விஷயம் இருக்கிறது. உறுமல் என்பது நாயின் வாய்ப்பேச்சு. "வேண்டாம், தள்ளிப் போ" என்று அது மரியாதையாகச் சொல்கிற கடைசி வார்த்தை. அந்த வார்த்தைக்கு அடி விழுந்ததால் வார்த்தையை விட்டுவிட்டது. பயத்தை விடவில்லை. 'குரைக்கிற நாய் கடிக்காது' என்று நம் ஊரில் சொல்வார்கள். என் முன்னங்கையில் இருக்கும் தழும்புகளில் இரண்டு, நன்றாகக் குரைத்துவிட்டுக் கடித்தவை போட்டது.

வாலையும் முழுதாக நம்பவேண்டாம். தளர்ந்து, இடுப்போடு சேர்ந்து ஆடுவது வேறு. விறைத்து உயர்ந்த வால் நுனி மட்டும் படபடப்பது வேறு. 2007-இல் இத்தாலியில் 30 நாய்களை வைத்துப் பார்த்தார்கள். வளர்ப்பவரைக் கண்டால் வால் வலப்பக்கம் கூடுதலாக ஆடுகிறது, அறியாத முரட்டு நாயைக் கண்டால் இடப்பக்கம். நானும் கிளினிக்கில் கவனித்துப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நீங்கள் இடம் வலம் பார்க்கப் போய்க் கடி வாங்க வேண்டாம்.

"இவன் என்னை அடக்கப் பார்க்கிறான், நான்தான் தலைவன்னு காட்டணும்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓநாய்க் கூட்டத்தில் சண்டை போட்டு ஜெயித்தவனே தலைவன் என்ற அந்தக் கதை, கூண்டில் அடைத்த, ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களைப் பார்த்து 1940-களில் எழுதியது. அதை 1970-இல் தன் புத்தகத்தின் வழியாகப் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், பிறகு கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் கூடவே இருந்து பார்த்தார். அங்கே கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள். தன் பழைய கருத்து தவறு என்று அவரே எழுதினார். நாயை மல்லாக்கத் தள்ளி அமுக்குகிறவர்களுக்குத்தான் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

'நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை' என்பதும் நம் பழமொழிதான். போன மாதம் சிப்பிப்பாறை இன வேட்டை நாய் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நான்காவது மாடி ஃபிளாட். சோபாவைக் குதறுகிறதாம், பால்கனியில் புறா உட்கார்ந்தால் கம்பியில் மோதுகிறதாம். கரிசல் காட்டில் முயல் பின்னால் ஓடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த உடம்பு அது. காலும் கண்ணும் தங்கள் வேலையைத்தான் செய்கின்றன. அது அடங்க மாத்திரை கேட்டார்கள். நான் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் வெளியே கூட்டிப்போகச் சொன்னேன், பெல்ட்டை இழுக்காமல், அது மோந்து பார்க்கிற இடத்தில் எல்லாம் நின்று. மூன்றாம் வாரம் போன் வந்தது. புறாவை இன்னும் விடவில்லையாம். சோபா பிழைத்துவிட்டது.

கேள்வி ஏதும் உண்டா? சொல்லுங்கம்மா... தீபாவளி வெடிக்கு நாய் பயந்தால் என்ன செய்வது என்கிறீர்கள். நான் எதிர்பார்த்ததுதான். நமக்குக் கேட்காத உச்சஸ்தாயி ஒலியெல்லாம் அதற்குக் கேட்கும். வெடிச் சத்தம் எங்கிருந்து வருகிறது, எப்போது நிற்கும் என்று எதுவும் புரியாது. வெளிச்சம் இருக்கும்போதே வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். சாப்பாட்டைச் சீக்கிரம் வைத்துவிடுங்கள். ஜன்னலைச் சாத்தி, ஃபேனும் டிவியும் ஓடட்டும். நடுங்கும்போது தடவிக் கொடுத்தால் பயம் கூடிவிடும் என்பார்கள், அப்படி ஒன்றும் இல்லை. உங்களிடம் வந்தால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். மிகவும் பயப்படுகிற நாய் என்றால் பத்து நாள் முன்னதாகவே மருத்துவரைப் பாருங்கள், வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தால் இழுக்காதீர்கள். முதல் நாளே அங்கே ஒரு பழைய துணியை விரித்து வையுங்கள். நீங்கள் கட்டிய புடவையாக இருந்தால் நல்லது, துவைக்காததாக.