துண்டு சுற்றுகிறவர்களுக்காக ஒரு வாதம்

நடுவர் ஐயாவுக்கும் அவையோருக்கும் வணக்கம். கூடைப்பந்து அணியின் பலம் நட்சத்திர வீரரிடமா, பெஞ்சில் காத்திருக்கும் மாற்று வீரர்களிடமா என்பது தலைப்பு. நான் பெஞ்சு பக்கம். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகில் ஆட்டம் 48 நிமிடம், களத்தில் ஐந்து பேர், ஆக 240 நிமிடத்தை யாராவது ஆடியாக வேண்டும். நட்சத்திரம் முழு ஆட்டமும் ஆடினாலும் அவர் பங்கு 48தான். கணக்கு முடிந்தது.

இனி எதிரணி அண்ணனிடம் வருகிறேன். என்ன சொன்னார்? "பெஞ்சில் இருப்பவர்கள் உற்சாகப்படுத்தத் துண்டு சுற்றத்தான் லாயக்கு." நீங்களும் கைதட்டினீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சரி அண்ணே, 2015 என்பிஏ இறுதித் தொடருக்குப் போவோமா? கிளீவ்லாந்து அணியும் கோல்டன் ஸ்டேட் அணியும் மோதின; முதலில் நான்கு ஆட்டம் வெல்பவருக்குக் கோப்பை.

ஒரு பக்கம் உங்கள் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ். ஆட்டத்துக்குச் சராசரி 35.8 புள்ளி! கிளீவ்லாந்தைத் தனியாளாகச் சுமக்கிறார். ஏன் தனியாள்? சக வீரர் கெவின் லவ் முன்பே காயம். இன்னொருவர் கைரி இர்விங் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் சிப்பி உடைந்து வெளியே. மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் அதே அணியின் டெல்லவடோவா தசைப்பிடிப்போடு மருத்துவமனையில்! அப்படியும் 2-1 முன்னிலை. ஒப்புக்கொள்கிறேன்.

கோல்டன் ஸ்டேட் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். ஆண்ட்ரே இகுடாலா. அந்த சீசனில் ஒரு ஆட்டத்தில்கூட முதல் ஐவரில் இறங்காதவர். நான்காவது ஆட்டத்தில், வழக்கமாக முதல் ஐவரில் ஆடும் ஏழடி உயர போகட்டை உட்காரவைத்து இவரை இறக்கினார். மாற்றம் உண்டா என்று கேட்ட நிருபர்களிடம் இல்லை என்று பொய் வேறு!

அப்புறம்? எடுத்த எடுப்பில் 7-0. யாருக்கு? கிளீவ்லாந்துக்கு! அண்ணன் முகத்தில் இப்போதுதான் வெளிச்சம் வருகிறது. பொறுங்கள் அண்ணே. முடிவு 103-82, கோல்டன் ஸ்டேட்டுக்கு. இகுடாலா 22 புள்ளி. ஐயா, இன்னொரு தடவை சொல்லவா? துண்டு சுற்ற வேண்டியவர், 22 புள்ளி! அதற்குப் பிறகு ஒரு ஆட்டமும் தோற்கவில்லை, 4-2. தொடர் நாயகன் ஓட்டெடுப்பில் லெப்ரானுக்கு 4, கோல்டன் ஸ்டேட்டின் நட்சத்திரம் ஸ்டெஃபன் கரிக்கு ஒன்றுமில்லை. மீதி 7 ஓட்டும் துண்டுக்காரருக்கு!

சிரித்தது போதும். அந்த மனிதர் அந்த சீசனுக்கு முன் பத்து சீசன், 758 ஆட்டம், ஒன்றுவிடாமல் முதல் ஐவரில் இறங்கியவர். பெஞ்சில் உட்கார் என்றபோது மனசு வலித்திருக்காதா? உட்கார்ந்தாரே!

அவருக்காவது ஒரு நாள் வந்தது. கடைசி நாற்காலியில் இருக்கிறாரே 15ஆவது ஆள், பயிற்சியில் எதிரணி நட்சத்திரம் மாதிரியே ஆடிக்காட்டி நம் ஆட்களைத் தயார்படுத்துவது அவர் வேலை. ஆட்டத்தன்று ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. ஆனால் தன் இடத்தில் ஆடுகிறவன் பந்தைப் போட்டதும் முதலில் எழுந்து குதிப்பவர் அவர்தான். ஆமாம் அண்ணே, துண்டைச் சுற்றிக்கொண்டுதான்! மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். அந்த மனிதருக்கு எதிராகத் தீர்ப்பு எழுத உங்களுக்குக் கை வருமா ஐயா? நன்றி, வணக்கம்.