மான்டிசெல்லோ புல்வெளியில் யாருக்கு இடம்?

வணக்கம் நேயர்களே. பழைய வீடுகளை மியூசியமாக வைத்திருக்கும் இடங்களில் நடக்கும் பொதுநிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். பத்து இடங்களைத் தொட்டுத் தொட்டுப் போவதைவிட ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொள்கிறேன். வர்ஜீனியா மாநிலத்தில் சார்லட்ஸ்வில் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மலையின் உச்சியில் இருக்கிறது மான்டிசெல்லோ. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவரும் அந்த நாட்டின் மூன்றாவது ஜனாதிபதியுமான தாமஸ் ஜெஃபர்சன் கட்டிய வீடு. ஐந்து சென்ட் நாணயத்தைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் குவிமாடத்தோடு ஒரு கட்டடம் இருக்குமே, அதுதான்.

இந்த வீட்டின் பெரிய நிகழ்ச்சி அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4ஆம் தேதி நடக்கிறது. 1963 முதல் அங்கே அன்றைக்கு வாணவேடிக்கையைவிட முக்கியமான ஒன்று உண்டு. வீட்டின் மேற்குப் பக்கப் புல்வெளியில் நாற்காலிகளைப் போட்டு, நீதிபதியை வரவழைத்து, பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி செய்துவைக்கிறார்கள். பெரிய பேச்சாளர்கள் வருவார்கள். 2008இல் ஜார்ஜ் புஷ் ஜனாதிபதியாக இருக்கும்போதே வந்து பேசினார். ஆனால் அன்றைய நிகழ்ச்சியின் உயிர் அதற்கு அப்புறம்தான் இருக்கிறது. உறுதிமொழி முடிந்ததும் மைக்கைப் புதிய குடிமக்களிடமே கொடுத்துவிடுகிறார்கள், விருப்பப்பட்டவர்கள் எழுந்து வந்து பேசலாம். எழுதிக்கொடுத்த பேச்சு கிடையாது. தன் அம்மாவுக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறவர் உண்டு, வந்த வழியையெல்லாம் சொல்லத் தொடங்கி அழுதுவிடுகிறவர் உண்டு.

இதை நம் ஆட்களுக்கு நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1790இல் வந்த முதல் குடியுரிமைச் சட்டம், வெளியிலிருந்து வருகிறவர்களில் சுதந்திரமான வெள்ளையர்கள் மட்டுமே குடிமக்களாகலாம் என்றது. முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபிக்காரர், தனக்கும் குடியுரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் வரை போராடினார். இந்தியர்கள் வெள்ளையர் கணக்கில் வர மாட்டார்கள் என்று சொல்லி 1923 பிப்ரவரியில் கதவைச் சாத்திவிட்டார்கள். அதே 1923இல்தான் மான்டிசெல்லோவை வாங்கிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட ஒரு தனியார் அறக்கட்டளை உருவானது. இன்றைக்கும் வீட்டை நடத்துவது அந்த அறக்கட்டளைதான். இந்தியர்கள் குடியுரிமை கேட்கலாம் என்று சட்டம் மாறியது 1946இல். ஆகவே அந்தப் புல்வெளியில் ஒரு தமிழர் கையை உயர்த்தி நிற்க முடிகிறது என்றால், அது அந்த வீட்டின் பழங்காலத்தில் யாரும் நினைத்துப் பார்த்திருக்காத காட்சி.

சரி, இவ்வளவு நல்ல நிகழ்ச்சி நடக்கும் இடத்தின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய அதே ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார், அவர்களில் விடுதலை கொடுத்தது மிகச் சிலருக்கு மட்டும். அவர் 1826 ஜூலை 4ஆம் தேதி, பிரகடனத்துக்குச் சரியாக 50 வருஷம் ஆன நாளில், தலைக்குமேல் கடனோடு இறந்துபோனார். அடுத்த ஜனவரியில் அந்த மலைமேலேயே ஏலம் நடந்தது. சாமான்களோடும் மாடுகளோடும் சேர்த்து 130 பேரை விற்பதாக விளம்பரம். வோர்ம்லி ஹியூஸ் என்ற தோட்டக்காரர் ஜெஃபர்சனின் பூச்செடிகளை நட்டு வளர்த்தவர், அவருடைய கல்லறைக்குக் குழி தோண்டியவரும் அவர்தான். ஜெஃபர்சன் குடும்பத்தார் அவரைப் போகவிட்டார்கள். ஆனால் ஹியூஸின் மனைவி அர்சுலாவும் பிள்ளைகளும் அந்த ஏலத்தில் விற்கப்பட்டார்கள்.

பல பத்தாண்டுகள் இந்தக் கதை வீட்டுக்குள் பேசப்படவே இல்லை. அடிமைகள் என்று சொல்லாமல் வேலைக்காரர்கள் என்று சொல்லிவிட்டு, ஜெஃபர்சன் செய்துவைத்த கடிகாரம், புத்தகத் தாங்கி, ஒயின் பாட்டிலை மேலே தூக்கும் கருவி என்று வேடிக்கை காட்டிக்கொண்டு போவார்கள். 1993இல் ஒரு வாய்மொழி வரலாற்று வேலையைத் தொடங்கி, அங்கே அடிமைப்பட்டிருந்தவர்களின் வழித்தோன்றல்களைத் தேடித் தேடிப் போய்ப் பேச்சைப் பதிவு செய்தார்கள். எனக்கு அந்த வீட்டின் நிகழ்ச்சிகளிலேயே பெரியதாகத் தோன்றுவது அந்தக் குடும்பங்களை மலைக்கு அழைத்துக் கூட்டிவைத்தவைதான். 2018 ஜூனில் நூற்றுக்கணக்கானவர்கள் வந்தார்கள். அப்போது திறந்தது ஒரு சின்ன அறை, சாலி ஹெமிங்ஸ் வாழ்ந்ததாகக் கருதப்படும் அறைகளில் ஒன்று. ஜெஃபர்சனுக்கு அடிமையாக இருந்த பெண். அவருடைய பிள்ளைகளுக்கு ஜெஃபர்சன்தான் தகப்பன் என்பதை 1998இல் வெளிவந்த மரபணுச் சோதனைக்குப் பிறகு அறக்கட்டளையும் ஏற்றுக்கொண்டது. அந்தப் பகுதியில் 1940களில் வருகிறவர்களுக்காகக் கழிப்பறை கட்டிவைத்திருந்தார்கள் என்பதைக் கேட்டால் வயிறு எரியும். அதை இடித்துவிட்டுத்தான் இன்றைக்கு அவருடைய கதையைச் சொல்கிறார்கள்.

ஒரு பழைய வீட்டில் கச்சேரி வைக்கலாம், விருந்து வைக்கலாம், கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாம், வருமானமும் வேண்டும்தான். ஆனால் அந்த வீட்டுச் சுவருக்குச் செங்கல் சுட்டவனின் பேரப்பிள்ளைக்கு அழைப்பு போனதா என்று நான் முதலில் பார்ப்பேன். மான்டிசெல்லோ அதைத் தாமதமாகச் செய்தது. செய்தது என்பதால் அந்த இடத்தின் மேல் எனக்கு மரியாதை.

இனி தோட்டம், நம்மவர்கள் நின்று ரசிக்கப்போகும் இடம். மலைச்சரிவை வெட்டி, கல்சுவர் கட்டி, 1,000 அடி நீளத்துக்கு ஒரு காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறார்கள். வெட்டியதும் கட்டியதும் அடிமைகள்தான். ஜெஃபர்சன் 300க்கும் மேற்பட்ட காய்கறி ரகங்களைப் போட்டுப் பார்த்து, எதை எப்போது விதைத்தோம், எப்போது மேசைக்கு வந்தது என்று வருஷக்கணக்காகக் குறித்துவைத்தார். அவருக்குப் பட்டாணி என்றால் உயிர். அக்கம்பக்கத்தாரோடு வருஷாவருஷம் போட்டி, யார் வீட்டில் பட்டாணி முதலில் காய்க்கிறதோ அவர் மற்றவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும். கத்தரிக்காய், வெண்டைக்காய் எல்லாம் உண்டு. எள் விதைத்து நல்லெண்ணெய் ஆட்டிப் பார்த்தார், அந்த எண்ணெயின் ருசியில் மயங்கிப்போய் நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். அந்த எள் அமெரிக்காவுக்கு வந்தது ஆப்பிரிக்க அடிமைகள் வழியாக.

அப்புறம் அவரைக்காய். தோட்டத்துப் பந்தலில் ஊதாப் பூவும் ஊதாக் காயுமாகப் படர்ந்து தொங்குவது நம்ம அவரைக்கொடியேதான். ஜெஃபர்சன் அவரை என்றே அங்கே பேர் ஆகிவிட்டது, அவர் அதை நட்டதற்கு எழுத்தில் சான்று இல்லை என்றாலும். அதை அழகுக்கு வளர்க்கிறார்கள், சமைப்பதில்லை. நம் பாட்டிமார் பார்த்தால் அவ்வளவு காய் வீணாகப் போகிறதே என்று தவித்துப்போவார்கள்!

இந்தத் தோட்டத்தை வைத்துத்தான் வேலையைக் கற்றுத்தரும் நிகழ்ச்சிகள் பலவும் நடக்கின்றன, விதை சேகரிப்பது எப்படி, பழமரத்துக்கு ஒட்டுப்போடுவது எப்படி என்று. 2007இல் தொடங்கிப் பல வருஷம் செப்டம்பரில் ஒரு அறுவடை விழா நடந்தது. விதைகளை மாற்றிக்கொள்ள ஒரு இடமும், வகைவகையான தக்காளியைத் துண்டு போட்டு ருசி பார்க்க ஒரு கூடாரமும் இருக்கும். இந்தத் தோட்ட நிகழ்ச்சிகளில் இன்னும் அதிகமாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்பது என் எண்ணம். அடிமைக் குடும்பங்கள் இருட்டிய பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் தங்கள் குடிசைப் பக்கம் சொந்தமாகக் கோஸும் வெள்ளரியும் போட்டு, கோழி வளர்த்து, காயையும் முட்டையையும் ஜெஃபர்சன் வீட்டுக்கே விலைக்கு விற்றார்கள். வாங்கியதற்கான கணக்கை அவருடைய பேத்தி ஆன் கேரி ராண்டால்ஃப் எழுதிவைத்திருக்கிறார். அத்தனை பெரிய தோட்டம் வைத்திருந்தவர் வீட்டுச் சமையலுக்கு அவர்களிடமிருந்து காய் வாங்கவேண்டி வந்தது! அந்தக் குடிசைத் தோட்டங்களைப் பற்றி மட்டுமே ஒரு முழுநாள் நிகழ்ச்சி வைத்தாலும் விஷயம் தீராது.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. வீட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள், அடிமைகளின் வாழ்க்கையைப் பற்றித் தனியாக ஒரு டூர் இருக்கிறது, பிள்ளைகளையும் அதற்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்கள் கேட்கும் கேள்விகளை வழிகாட்டிகள் தட்டிக்கழிக்க மாட்டார்கள். கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே மரங்களுக்கு நடுவே அடிமைகளைப் புதைத்த இடம் இருக்கிறது, பலரும் கவனிக்காமல் பஸ் ஏறிவிடுகிறார்கள். மேலே போவதற்கு முன்னால் அங்கே போய்விடுங்கள். ஜூலை 4க்குப் போவதாக இருந்தால் காலையிலேயே போய்ச் சேர வேண்டும், வெயில் கடுமையாக இருக்கும், தொப்பியும் தண்ணீரும் அவசியம். கடையில் அந்தத் தோட்டத்துப் பழைய ரகங்களின் விதைப் பொட்டலங்கள் கிடைக்கும். அவரை விதையும் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், மே மாதக் கடைசியில் மண் சூடானதும் வேலியோரம் ஊன்றினால் நன்றாகப் பிடிக்கும். நன்றி, வணக்கம்.