சித்தப்பாவின் வேட்டி மடிப்பு

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். காவல்துறையின் அத்துமீறலுக்குக் காரணம் தனிமனிதர் குணமா, தட்டிக்கேட்க ஆளில்லாத அமைப்பா என்பது தலைப்பு. நான் அமைப்பு என்ற அணி. ஆனால் தலைப்புக்கு அப்புறம் வருகிறேன். எதிரணி அண்ணன் ஒன்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார், அதற்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும்.

"ராத்திரி ரெண்டு மணிக்குத் தங்கச்சி வீட்டுல திருடன் பூந்தா போலீஸைக் கூப்பிடுவீங்களா, பட்டிமன்றப் பேச்சாளரைக் கூப்பிடுவீங்களா?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

போலீஸைத்தான் கூப்பிடுவேன் அண்ணே. எங்கள் சித்தப்பாவும் போலீஸிடம்தான் போனார்.

அவர் பால் ஊற்றுகிறவர். டி.வி.எஸ். 50 வண்டி, இரண்டு பக்கமும் கேன். ஒருநாள் விடிகாலை எழுந்து பார்த்தால் திண்ணையோரம் கேன் இருக்கிறது, வண்டி இல்லை. ஸ்டேஷனுக்குப் போனார். எந்த ஸ்டேஷன் என்று சொல்லமாட்டேன். வாசலில் நின்று மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துவிட்டார். செருப்பைக் கழற்றினார். கோயிலுக்குள் போவது மாதிரி உள்ளே போனார்.

ரைட்டர் கேட்டார்: "ஆர்.சி. புக் எங்கே?"

"வண்டிப் பெட்டியில இருந்துச்சுங்கய்யா."

"வண்டி எங்கே?"

"அதைத்தான் காணோம்னு சொல்ல வந்தேங்கய்யா."

"ஆர்.சி. இல்லாம வண்டி உன்னோடதுன்னு நான் எப்படி நம்புறது?"

சபையோரே, இன்னொரு தடவை கேளுங்கள். ஆர்.சி. வேண்டுமென்றால் வண்டி கிடைக்க வேண்டும். வண்டி கிடைக்க வேண்டுமென்றால் புகார் எழுத வேண்டும். புகார் எழுத ஆர்.சி. வேண்டும்! சாயங்காலம் வரை பெஞ்சு ஓரத்தில் நின்றார். நின்றார் என்கிறேன், உட்காரவில்லை. கடைசியில் பொறுக்கமாட்டாமல், "மனு ரசீதாவது கொடுங்க சார்" என்றார். பக்கத்திலிருந்த ஒரு காவலர், அவர் மகன் வயதுதான் இருக்கும், எழுந்து வந்து கன்னத்தில் ஓர் அறை விட்டார். "எனக்கே சட்டம் சொல்றியா?"

சித்தப்பா வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தே வீடு வந்தார். சித்தி, "கன்னம் ஏன் வீங்கியிருக்கு?" என்றதற்கு, "பல்வலி" என்றார். பல வருஷம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். "அப்பவே புகார் கொடுத்திருக்கலாமே சித்தப்பா" என்றேன். அவர் சொன்னது: "எங்கே போய்க் கொடுக்கிறது தாயி? அங்கேதானே கொடுக்கணும்?"

அண்ணே, உங்கள் கேள்வியைத் திருப்பி உங்களிடமே கேட்கிறேன். திருடன் வந்தால் போலீஸைக் கூப்பிடலாம். அடித்தவரே போலீஸ் என்றால் யாரைக் கூப்பிடுவது?

2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொன்னது: போலீஸ் மீதான புகாரை விசாரிக்கத் தனி ஆணையம், மாநில அளவில் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில். தமிழ்நாடு 2013-ல் சட்டம் போட்டது. தலைவர் யார்? போலீஸைக் கையில் வைத்திருக்கும் உள்துறையின் செயலாளர். உறுப்பினர்? போலீஸுக்கே தலைவரான டி.ஜி.பி. சித்தப்பா சொன்ன அதே 'அங்கேதானே'!

குணம்தான் காரணம் என்கிறீர்களே, சாத்தான்குளத்தைப் பாருங்கள். 2020 ஜூன் 19. ஊரடங்கில் செல்போன் கடையை நேரம் தாண்டித் திறந்து வைத்ததாகச் சொல்லி ஒரு தகப்பனைக் கொண்டுபோனார்கள். பின்னாலேயே தேடிப்போன மகனையும் பிடித்து வைத்து, இருவரையும் ஸ்டேஷனில் அடித்தார்கள். 22-ஆம் தேதி மகன் இறந்தார், மறுநாள் தகப்பன். ஸ்டேஷனில் கேமரா இருந்தது, பதிவு வைக்க இடமும் இருந்தது; அன்றன்றே அழிந்துவிடும்படி அமைத்து வைத்திருந்தார்கள். ஒருவருடைய முன்கோபமா அந்தக் கேமராவை அப்படி அமைத்தது? விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டையே ஒரு காவலர், "உன்னால ஒண்ணும் புடுங்க முடியாதுடா" என்றார். உயர் நீதிமன்றத்துக்கு மாஜிஸ்திரேட் அனுப்பிய அறிக்கையில் இருக்கிறது அது. மாஜிஸ்திரேட்டுக்கே அந்தப் பேச்சு என்றால் பால்காரருக்கு? கடைசியில் அந்த ஸ்டேஷனை வருவாய்த் துறையின் பொறுப்பில் விடச் சொன்னது உயர் நீதிமன்றம். போலீஸ் ஸ்டேஷனுக்குத் தாசில்தார் காவல்!

நடுவர் அவர்களே, அந்த இருட்டிலும் ஒரு காக்கிச் சட்டை பேசியது. ஒரு பெண் தலைமைக் காவலர். லத்தியிலும் மேசையிலும் ரத்தம் இருந்தது என்று மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். கையெழுத்துப் போடப் பயந்தார். பாதுகாப்பு உண்டு என்று உறுதி சொன்ன பிறகுதான் போட்டார். நல்ல குணம் இருந்தது அண்ணே, அந்தத் தாய்க்கு இருந்தது! தன் ஸ்டேஷனிலேயே, தன்னோடு டீ குடித்தவர்களுக்குப் பயந்து, அந்தக் குணம் நடுங்கிக்கொண்டு நின்றது. அவர் பேனாவைப் பிடித்த அந்த நிமிஷத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது. அந்தக் கைக்கு யார் துணை? எங்கள் சித்தப்பா கன்னத்துக்கு யார் துணை?

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பாவை ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்துக் கடைத்தெருவுக்குப் போனேன். அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. ஸ்டேஷன் வாசல் வந்தது. கண்ணாடியில் பார்க்கிறேன். ஓடுகிற வண்டியில், யாரும் கூப்பிடாமலே, அவர் கை வேட்டி மடிப்பை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

நன்றி. வணக்கம்.