கலக்கிய கோல் யாருடையது?

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

'தண்ணீரில் ஓடும் பைக்: இளைஞர் சாதனை' என்று அவ்வப்போது ஒரு வீடியோ நம் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. வந்த வேகத்தில் கடலூர் மஞ்சக்குப்பம் டீக்கடையில் இரண்டு கட்சி கிளம்பிவிடும். "நம்ம பையன் கண்டுபிடிச்சா எவன் மதிக்கிறான்? பெட்ரோல் கம்பெனிக்காரன் அமுக்கிடுவான்" என்பது ஒன்று. "எல்லாம் டுபாக்கூர், நாளைக்கே பணம் கேட்பான் பாரு" என்பது இன்னொன்று. இரண்டாவது கட்சிக்காரருக்குத் தாம் ரொம்ப விவரமானவர் என்று நினைப்பு. ஆனால் இருவருமே வண்டியைப் பார்க்கவில்லை. ஆளை வைத்தே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

சரி, ஆளை விடுவோம். ஹைட்ரஜன் எரிந்து முடிந்த பிறகு மிஞ்சுவதுதான் தண்ணீர். அடுப்புச் சாம்பலை மறுபடி அடுப்பில் போட்டால் எரியுமா? தண்ணீரில் ஓட்ட வேண்டுமென்றால் முதலில் அதை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரிக்க, துளி இழப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஏறக்குறைய 4.4 யூனிட் மின்சாரம் வேண்டும். பிரிந்த ஹைட்ரஜனை எரித்தால் அதே 4.4 யூனிட்டுக்கு மேல் ஒரு பைசா தேறாது. பைக் என்ஜினில் அதிலும் பெரும்பகுதி சூடாகவே போய்விடும். ஆகவே அந்தத் தம்பியிடம் கேட்க வேண்டியது, "நீ திருடனா?" என்றல்ல. "பிரிக்கிற மின்சாரம் எங்கிருந்து வருது தம்பி?"

1996-இல் ராமர் பிள்ளையின் மூலிகை பெட்ரோல் தமிழ்நாட்டையே கலக்கியது நினைவிருக்கும். தண்ணீரில் மூலிகையைப் போட்டுக் கொதிக்கவைத்துக் கலக்கினால் எரிபொருள் மிதந்தது. பார்த்தவர்களில் படித்தவர்களும் உண்டு. எல்லார் கண்ணும் மூலிகை மேலேயே இருந்தது. சென்னை ஐஐடியில் சோதித்தபோது சங்கதி வேறாகிப்போனது. கலக்கும் கோலின் உள்ளே பெட்ரோலை அடைத்து, நுனியை மெழுகால் மூடியிருந்தார்கள், சூட்டில் மெழுகு உருகிப் பெட்ரோல் வெளியே வந்தது என்று அப்போது விளக்கம் சொல்லப்பட்டது. கலக்குவதற்கு முன்னும் பின்னும் அந்தக் கோலைத் தராசில் வைத்திருந்தாலே போதும். ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்து வேலை அது. பாத்திரம், தண்ணீர், கோல் எல்லாம் சோதிப்பவருடையதாக இருக்கட்டும் என்று சொன்னால் அது அவமரியாதை ஆகாது.

அதற்காக எல்லாவற்றையும் டுபாக்கூர் என்றும் தள்ளிவிட முடியாது. வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் காரமும் கவலையும்தான் என்று உலகமே நம்பியிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு மருத்துவர்கள் அது ஒரு பாக்டீரியாவின் வேலை என்றார்கள். வயிற்று அமிலத்தில் கிருமி பிழைக்குமா என்று பலரும் சிரித்தார்கள். 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி, இரைப்பை அழற்சி. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. கதையை இத்தோடு நிறுத்தினால் அவர் ஒரு சினிமா நாயகன். ஆனால் ஒரு மனிதர் குடித்தது நிரூபணம் ஆகிவிடாது. பிற்பாடு பல நாட்டு மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், ஆறிய புண் பெரும்பாலும் திரும்ப வரவில்லை. சந்தேகப்பட்டவர்கள் மனம் மாறியது அதனால்தான்.

அப்புறம், நம் பைக்குக்கு வருவோம். அந்தத் தம்பி நம் ஊர் அறிவியல் கண்காட்சிக்கு வந்தால் வரவேற்று நாற்காலி போடுங்கள். பிறகு பெட்ரோல் டேங்கைக் காலி செய்து சீல் வையுங்கள். பேட்டரியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சின்ன கேஸ் சிலிண்டரோ, தண்ணீர் பட்டால் எரியும் வாயுவை விடுகிற கார்பைடு கல்லோ எங்காவது செருகியிருக்கிறதா என்று சீட்டுக்கு அடியிலும் பாருங்கள். தண்ணீரை நீங்களே குழாயில் பிடித்து ஊற்றுங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி வரை ஓட்டச் சொல்லிப் பின்னாலேயே ஒரு வண்டியில் போங்கள். வந்து சேர்ந்ததும் பேட்டரியை மறுபடி அளந்து பாருங்கள்.

நன்றி, வணக்கம்.