பிளக் பாயிண்டுக்கு ரிங்கா, தனி லைனா?

வணக்கம். சத்துவாச்சாரியில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒருவர், 15 வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர், போன மாதம் என்னைப் பிடித்துக்கொண்டார். "அங்கே பிளக் பாயிண்டெல்லாம் ரிங்கா போடுவாங்களே சார், இங்கேயும் போட்டுடலாமா?"

ரிங் என்றால், டிபி பாக்ஸில் (வீட்டுக்குள் வரும் கரண்டைப் பிரித்து அனுப்பும் பெட்டி) ஒரு எம்சிபியிலிருந்து (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) புறப்படும் வயர் ஒவ்வொரு பாயிண்டாகத் தொட்டுவிட்டு, பிரகாரம் சுற்றியது போல் அதே எம்சிபிக்குத் திரும்பி வரும். ரேடியல் என்கிற தனி லைனில் வயர் கடைசிப் பாயிண்டோடு நின்றுவிடும். நம் ஊர் வயர்மேன்கள் போடுவது இதுதான்.

ரிங் இங்கிலாந்துக்காரர்கள் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம், செம்புக்குத் தட்டுப்பாடு. கரண்ட் இரு பக்கமும் பிரிந்து வருவதால் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயருக்கே 32 ஆம்பியர் எம்சிபி போடுகிறார்கள். அதற்குத் துணையாக அவர்களுடைய பிளக்குக்குள் 3 அல்லது 13 ஆம்பியரில் ஒரு குட்டி ஃபியூஸ் இருக்கும்.

நம் பிளக்கில் அது கிடையாது. விஷயமே இங்கேதான். நம் சாக்கெட்டுகள் 6, 16 ஆம்பியருக்குச் செய்தவை. மிக்ஸியின் மெல்லிய வயர் தாங்காமல் சூடேறினாலும் 32 ஆம்பியர் எம்சிபி அசையாது.

இன்னொன்று, ரிங்கில் எங்கோ ஒரு ஸ்க்ரூ தளர்ந்து வயர் விட்டுப்போனாலும் எல்லாப் பாயிண்டும் வேலை செய்யும். ஒரே பக்கத்து வயர் மொத்தச் சுமையையும் இழுப்பது யாருக்கும் தெரியாது. எர்த் இரண்டு வழியில் வருவது ரிங்கின் நல்ல குணம், அதை மறுக்க மாட்டேன்.

அவரிடம் ரேடியலே போடச் சொன்னேன், ஆனால் தாராளமாக. கிச்சனுக்கு மட்டும் 2 லைன். 2.5 ஸ்கொயர் வயர், 16 ஆம்பியர் எம்சிபி என்றால் 230 வோல்ட்டில் 3680 வாட். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பும் 1500 வாட் கெட்டிலும் சேர்ந்தாலே 3500 ஆகிவிடும். அப்புறம் மிக்ஸியை எங்கே ஓட்டுவது? கீசருக்குத் தனி லைன், ஏசிக்கு 4 ஸ்கொயரில் தனி லைன். நம் வேலூர் கத்திரி வெயிலைச் சொல்லவா வேண்டும்! மொட்டைமாடித் தளத்துக்குள் போகும் வயர் பைப்பே கொதிக்கும். சுற்றிலும் சூடு ஏற ஏற வயர் தாங்கும் கரண்ட் குறையும். எல்லாவற்றுக்கும் மேலே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று.

"வயர் கூடப் பிடிக்குமே" என்றார். பிடிக்கும்தான். பூச்சு வேலைக்கு முன்பே பைப்பை ஓட்டிவிடச் சொன்னேன், அப்புறம் சுவரை உடைக்கிற கூலியாவது மிச்சம். வணக்கம்.